ஏழாம் கூண்டின் எடை

...இருபத்தெட்டு புள்ளி ஆறு, தராசை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாலும் இருபத்தெட்டு புள்ளி ஆறுதான், அதாவது வெள்ளிக்கிழமையைவிடக் கால் கிராம் குறைவு, வாராவாரம் இதே கூத்து, திங்கள் தொடங்கி வெள்ளி வரை ஏறுகிறது, சனி ஞாயிறு லேசாக இறங்குகிறது, ஆக இந்த ஏழாம் கூண்டு எலிக்கு யாரோ திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள், அந்த யாரோவுக்கும் என்னைப் போலவே சனி ஞாயிறு விடுமுறை. இதுவரை என் துப்பு துலங்கிவிட்டது, இதற்கு மேல்தான் இடிக்கிறது. இது ஒல்லி வம்சத்து எலி, இதன் குடும்பத்தில் எவனும் இருபத்தைந்து கிராமைத் தாண்டியதாகப் பதிவில்லை, கொடுப்பதும் சாதாரண மஞ்சள் தீனி. கொழுப்பு சேர்த்த நீலத் தீனியைத் தின்றிருந்தால் புழுக்கையில் நீலம் தெரியும், மரத்தூளைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வந்த தீனி. யார்? இருபத்திரண்டு வேலை நாளாகத் தினமும் ஒரு படிவம், 'வெளித் தீனி எதுவும் கொடுக்கப்படவில்லை', அதன் கீழே என் கையெழுத்து, நாளைக்கு விஷயம் வெடித்தால் எலியையா வீட்டுக்கு அனுப்புவார்கள்? பதினேழு வருஷ வேலை, ஒரு எலியின் நாலு கிராமில் போய்விடும்.

துப்புரவு அக்காவாக இருக்குமோ... இருக்காது, அவள் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள், போடுகிற கை ஞாயிறென்று பார்க்குமா, தவிர அவளுக்கு எலி என்றாலே குமட்டல், 'இதுங்களுக்கு ஏசி ஒரு கேடு' என்று சொல்லிக்கொண்டேதான் தரையைத் துடைப்பாள். மிச்சம் டாக்டரம்மா. ஆமாம், ஏன் இருக்கக்கூடாது? இந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் இரண்டே கட்சிதான், பேராசிரியருடைய மரபணுக் கட்சி, டாக்டரம்மாவுடைய தீனிக் கட்சி, ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறை, ஒரே தேநீர் இயந்திரம், ஒருவர் குடித்து முடிக்கும்வரை மற்றவர் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். எல்லாம் பிறப்பிலேயே எழுதியிருக்கிறது என்பார் இவர், எல்லாம் தட்டில் இருக்கிறது என்பார் அவர். ஒல்லி வம்சத்து எலி ஒன்று குண்டாகிவிட்டால் பேராசிரியர் கட்சி கவிழ்ந்ததா இல்லையா? நாலு மணிக்கு மேல் அந்தம்மா இந்த அறைப் பக்கம் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன், கையில் ஒரு டப்பா வேறு. பேராசிரியர் நல்ல மனிதர், போன வருஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் தொப்பைக்கு நீ பொறுப்பில்லப்பா, உங்கப்பாதான் பொறுப்பு" என்றார், எவ்வளவு பெரிய வார்த்தை, அன்றிலிருந்து நான் மரபணுக் கட்சி. வீட்டுக்குப் போய் அதே சூட்டில் சொன்னேன். என் மனைவி தராசை என் கால் பக்கம் தள்ளிக்கொண்டே, "உங்கப்பா போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க, போன மாசம் ஏறின ரெண்டு கிலோவையும் அவர்தான் மேலேருந்து அனுப்பி வச்சாரா?" என்றாள். அவள் எந்தக் கட்சி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து காலையில் அரைத் தட்டு வேகவைத்த காய், அதைத் தின்றுவிட்டு ஒரு மனிதன் முப்பது எலியை எப்படி எடைபோடுவது? மேல் வரிசை ஆறு கூண்டு முடிவதற்குள் கண் கட்டும். ஏழாம் கூண்டு அதற்கு அடுத்த கீழ் வரிசையில் முதலாவது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தால்தான் உயிர் வரும், இடது பாக்கெட்டிலிருந்து இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான், உலகத்துக்கு அதனால் என்ன நஷ்டம்? இந்த நேரத்தில் எனக்குத் துணை ஏழுதான். மூடியைத் திறந்ததும் ஓடிவந்து இரண்டு காலில் நின்று என் முகத்தையே பார்க்கும், கையுறையை விரல் விரலாக நக்கும், எட்டாம் கூண்டுக்குப் போகும்போது கையுறை கழுவி வைத்த மாதிரி இருக்கும். மற்ற இருபத்தொன்பதும் என்னைக் கண்டால் மூலைக்கு ஓடுகின்றன, வீட்டிலும் யாரும் என்னைக் கண்டு ஓடிவருவதாகத் தெரியவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை' என்று எழுதினேன், பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார், இன்று பதினோரு மணிக் கூட்டத்தில் அதுதான் நட்சத்திரம், அச்சமின்மை மரபணு, நாலு படம் போட்டுக் காட்டப்போகிறார். ஆனால் இன்றைக்குப் பாக்கெட்டில் ஒன்றும் இருக்காது. இங்கே சலவை இயந்திரம் பழுதென்று வெள்ளைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை அவள் கையில் கொடுத்தேன், கொடுத்து இரண்டு நாள் கழித்துத்தான், ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது, பாக்கெட்டைக் காலி செய்யவில்லையே என்று உறைத்தது. பாதிப் பொட்டலம் இருந்தது அதில்! தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறவள், இன்று காலை தேய்த்து மடித்த கோட்டை நீட்டினாள், "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்... பத்திரமா என்றால் என்ன அர்த்தம்?

கதவு திறந்தது, பேராசிரியர், பின்னாலேயே டாக்டரம்மா, இரண்டு பேரும் ஒன்றாகவா, கூட்டத்துக்கு முன் எலியைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம், ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பார்க்காமல் இருப்பாரா? பேராசிரியர் குனிந்து கூண்டுக்குள் கையை நீட்டினார். "பாருங்க, இப்ப எழுந்து நிக்கும்." ஏழு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கத்துச் சுவரில் ஏறியது. "புது ஆள்னா கொஞ்சம் கூச்சம்" என்றார் பேராசிரியர். "அச்சமில்லாத எலிக்குக் கூச்சம் மட்டும் இருக்கா சார்?" என்றார் டாக்டரம்மா, தேன் தடவிய குரலில். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கீழே இறக்கி, "அது உங்க முகத்தப் பாக்கலங்க, பாக்கெட்டப் பாக்குது" என்றார். நான் சிரித்தேன். துவைத்த கோட்டில் என்ன இருக்கப்போகிறது, வாய்விட்டே சொன்னேன், "துவைச்ச கோட்டும்மா." பேராசிரியர் நிமிர்ந்து, "ஏம்ப்பா, நீ எதுவும் போடறதில்லையே?" என்றார். "நானா சார்?" என்றேன், இருபத்திரண்டு நாளாக யாரைப் பிடிக்கலாம் என்று அலைகிற என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி. "பதினோரு மணிக்குள்ள படிவத்துல கையெழுத்துப் போட்டு மேல அனுப்பு" என்று போய்விட்டார்கள், தாழ்வாரத்தில் ஒருவர் இடது ஓரம், ஒருவர் வலது ஓரம்.

பாக்கெட்டைப் பார்க்கிறதாம், பொறாமை, ஒரு எலி ஒரு மனிதனிடம் பிரியமாக இருப்பது பொறுக்கவில்லை... கூண்டை மடியில் சரித்து ஏழின் தலையைத் தடவ வலது கையை நீட்டினேன், அது கையைத் தாண்டி இடது பக்கமே போனது, உடம்பைத் திருப்பி உட்கார்ந்தேன், அதுவும் திரும்பியது, மூக்கு துடிக்கிறது, கண்கள் என் முகத்தில் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லையோ. திங்கள் முதல் வெள்ளி வரை. மடியில் திறந்த கூண்டு, அதற்கு மேலே நான், வாய் நிறைய பிஸ்கட், உதிர்வது எங்கே போகும் என்று ஒருநாளாவது குனிந்து பார்த்தேனா... குனிந்து பார்த்தேன், என் வாய்க்கு நேர் கீழே ஏழின் கூண்டு. அடப்பாவி. யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன். சரி, கையெழுத்து, மணி பத்தே முக்கால், போட்டால் பொய், போடாவிட்டால் பதினேழு வருஷம், மேலே நாலு படம் தயாராக இருக்கிறது, முதலில் பேனா, பேனா எங்கே, இடது பாக்கெட்டில் கையை விட்டேன்.

பேனா இல்லை. ஒரு காகிதப் பொட்டலம், நாலாக மடித்து, ஓரத்தைக்கூட நகத்தால் நீவி விட்டிருக்கிறாள். உள்ளே இரண்டு பிஸ்கட். உடையாத, முழு பிஸ்கட். பிரியம்தான், வேறென்ன, பசிக்கும் என்று வைத்திருக்கிறாள்... ஆனால் ஏன் சரியாக இரண்டு? காகிதத்தைத் திருப்பினேன், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது, அவள் கையெழுத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் எடை, கடைசி வரியில் இன்றைய தேதி, அதன் பக்கத்தில் கட்டம் கட்டி, காலியாக. தின்றால் அவளுக்கு ஒரு முடிவு, அப்படியே திரும்பக் கொண்டுபோனால் இன்னொரு முடிவு, எந்த முடிவு வரவேண்டும் என்று நினைத்து வைத்தாள்? ஒரே மடியில் படிவமும் காகிதமும் கூண்டும். ஏழு இரண்டு காலில் நிற்கிறது, நான் என்ன செய்யப்போகிறேன் என்று குறித்துக்கொள்ளக் காத்திருப்பதைப் போல, அசையாமல்.