கேட்டுப் படித்த பாடம்

திங்கட்கிழமை காலை வாசிப்புத் தேர்வு. அதற்கு இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, சித்தி தவறுதலாக இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள்.

எப்போதோ பால் சிந்தி ஒட்டிக்கொண்ட தாள்கள் அவை. புத்தகத்தில் நரி படகில் ஏறுவதற்கு முன்பே ஆமைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆனால் அக்கா மகள் சிட்டுவின் விரல் ஆமையின் அடியில் ஓட, வாய் நரியைப் பற்றியே படித்துக்கொண்டு போனது. ஏற்ற இறக்கத்தோடு, தங்குதடையில்லாமல்.

சித்தி ஒட்டிய தாளைப் பிரிக்கவில்லை. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

சிட்டு கண்ணை மூடிக்கொண்டு பாடத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"குடை."

அது 'மருந்து'.

"சரி, இது?"

"இப்படித் துண்டு துண்டா கேட்டா எப்படி சித்தி வரும்? முதல்லேர்ந்து வந்தாதான் வரும்."

சித்தி புத்தகத்தை மூடினாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சோதிக்கிற வேலை அவளுக்கு. முடிவு சந்தேகமாக இருந்தால் மறுபடி சோதிப்பதுதான் அங்கே பழக்கம். ஆறு சொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். 'அப்பா' ஒன்றுதான் சிட்டுவுக்குத் தெரிந்தது. மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிற குழந்தை.

இது எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. சித்தி இந்த வீட்டுக்குக் குடிவந்த ஒரு மாதத்தில் தினமும் காதால் கேட்டதுதான். சிட்டுவின் அப்பா லாரி ஓட்டுநர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வருட ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்தில், "தினமும் பிள்ளையோட உக்காந்து சத்தமா படிங்க" என்று சொன்னார்கள். அந்த மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அக்கா பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவாள். அவர் சரக்கு ஏற்றும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பாடம் முழுவதையும் படித்துப் பதிவுசெய்து திருப்பி அனுப்புவார். சிட்டு கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, அவர் வேகத்துக்கு விரலை ஓட்டுவாள். பக்கம் மாறும்போது அவர் தொண்டையைச் செருமுவார். இவளும் செருமுவாள். "அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள்.

சிட்டுவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அத்தனையும் பார்த்து வரைந்தது. வகுப்பில் எல்லாரும் கூட்டாகப் படிக்கும்போது இவள் குரல்தான் முன்னால் நிற்கும். இந்தத் திங்கட்கிழமைத் தேர்வில் மட்டும் ஒவ்வொருவராக, இதுவரை பார்க்காத பத்தியைப் படிக்க வேண்டும். தேறாதவர்கள் அதே வகுப்பில் இருக்க வேண்டியதுதான். 'பிள்ளைக்குப் படிக்க வராது என்று தெரிந்தால் ஞாயிறு மாலை ஐந்துக்குள் சொல்லிவிடுங்கள். தேர்வு இல்லாமல் மேல் வகுப்புக்கு அனுப்பி, தினம் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லித்தருகிறோம். எட்டே இடம்' என்று டீச்சர் அக்காவின் கைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

அக்கா உள்ளறையில் சட்டைகளில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தி வாசற்படியில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளுக்கு எப்போதுமே அது தெரியாது.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா... சிட்டுக்கு..."

தையல் இயந்திரம் நின்றது.

"தெரியும்," என்றாள் அக்கா. "மெதுவா பேசு."

"எப்பத்திலேருந்து?"

"எப்பவோ. தானா வந்துரும்னு நினைச்சேன். நாளைக்கு அவரு வர்றாரு. வந்தவர்கிட்ட, நீ தொண்டை கிழியப் படிச்சதெல்லாம் வீண்னு சொல்லச் சொல்றியா? எட்டாவதோட நின்ன மனுஷன்டி. வண்டியில உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு."

"டீச்சர்கிட்டயாவது சொல்லிடலாம்க்கா."

"அந்தம்மா அவருக்குத்தானே போன் பண்ணும்? நீ பட்டம் வாங்கினவதானே, ஒரு நாள்ல சொல்லிக் குடு."

"ஒரு நாள்ல எப்படிக்கா?"

"குடுடி," என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஞாயிறு காலை முழுவதும் சித்தி சொல்லிக்கொடுத்தாள். க, ங, ச என்று சிட்டுவுக்கு வரிசையாகச் சொல்ல வரும். தனியாக ஒன்றைக் காட்டினால்தான் திருதிருவென்று விழிப்பாள். பத்து மணிக்குக் கற்றது பதினொரு மணிக்கு நிற்கவில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதை. ஆனால் ஓட்டை குழந்தையிடம் இல்லை என்று சித்திக்குத் தெரிந்தது. நாள்தான் போதாது. ஆறு மாதம் கொடுத்தால் இவள் படித்துவிடுவாள்.

"சித்தி, நான் பெயிலா?"

"இல்லம்மா."

"அப்பாகிட்ட சொல்லிடாத. சொன்னா இனிமே நீயே படின்னுடுவாரு. அப்புறம் பேசி அனுப்பவே மாட்டாரு."

சித்தி பென்சிலைச் சீவினாள். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல் சிட்டுவின் அப்பா வந்தார். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன ஊமைக்கோட்டான், வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது மாமா."

"அடேங்கப்பா, மூணு வார்த்தை பேசிட்டா! ஏய், இன்னைக்கு மழைதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சற்று அதிகமாகவே சிரித்தாள்.

அவர் பையிலிருந்து புதுக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பளபளவென்ற அட்டையில், ஆற்றங்கரையில் ஒரு கரடி நின்றது. "எங்க கண்ணு, அப்பாவுக்கு ஒரு பக்கம் படி பாப்போம். எப்பவும் நான்தானே படிக்கிறேன்."

சிட்டு புத்தகத்தை வாங்கினாள். சித்தியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்து, "ஒரு ஊர்ல ஒரு கரடி இருந்துச்சு," என்று தொடங்கினாள். "அது ஆத்துக்குக் குளிக்கப் போச்சு. சோப்பை மறந்துட்டு வந்துருச்சு..."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் முழுக்கப் பூரிப்பு. "பாத்தியாடி? புதுப் புத்தகம்! தண்ணி பட்ட பாடு!"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிட்டு பக்கத்தைப் புரட்டி, தொண்டையைச் செருமினாள். அப்போது அவருடைய கைபேசி அடித்தது. மணி ஐந்தாகச் சில நிமிடங்களே இருந்தன.

"டீச்சரா? வணக்கம் வணக்கம்." அவர் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"சார், உங்க வீட்டிலேர்ந்து பதிலே வரல. ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருக்கு. இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்காங்க. அதான், குடுக்கிறதுக்கு முன்னாடி உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு..."

"எந்த இடம் டீச்சர்?"

"படிக்கக் கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கான தனி வகுப்பு சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க சிட்டுக்கா? இப்பத்தான் புதுப் புத்தகத்தைப் பொரிஞ்சு தள்ளிட்டிருக்கா. நீங்க அவங்களுக்கே குடுங்க டீச்சர், பாவம்."

"அப்படியா சார்? சந்தோஷம். அப்ப அவங்க பேரையே..."

சித்தி எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சிட்டு புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். சித்தி கைபேசியை நோக்கி ஓரடி வைத்தாள். மூன்று பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் அவள் குரல் உயர்ந்ததே கிடையாது.

"டீச்சர், வெச்சிடாதீங்க!"

அவள் சத்தம் போட்டதைக் கேட்டு அவர் கைபேசியைத் தாழ்த்திப் பிடித்தார். "என்னம்மா?"

"மாமா, அந்த இடம் நமக்கு வேணும்."

"எதுக்கு?"

தரையைப் பார்த்துச் சொன்னால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சிட்டுக்குப் படிக்கத் தெரியாது மாமா. நீங்க பேசி அனுப்புறதைக் கேட்டு, அதை அப்படியே ஒப்பிக்கிறா."