சொன்ன பேச்சு கேட்காதவள்

பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து வந்த மகளுக்குத் தலை துவட்டும்போதுதான் ஆரோக்கியமணி பார்த்தாள். எல்சியின் இடது காது கன்றிச் சிவந்திருந்தது.

"யாருடி திருகினது?"

எல்சி மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்துத் திருப்பி உரக்கக் கேட்டாள்.

"டக்ளஸ் மிஸ்" என்றாள் எல்சி, மூக்கை உறிஞ்சியபடி.

டைரியில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. சொன்ன பேச்சு கேட்பதில்லையாம், திமிர் அதிகமாம். ஆரோக்கியமணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் திமிரா?

அது 1979 ஜூலை. போன குளிரிலிருந்தே எல்சிக்குச் சளி விட்டபாடில்லை. மூக்கு ஒழுகும், தொண்டை கட்டும், நாலு நாள் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். அவர்கள் குடியிருந்த போபோடி சந்து முனையில் இருந்த டாக்டர், குழந்தையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதே சிவப்பு மருந்தைப் புட்டியில் ஊற்றித் தருவார். "சின்னப் பிள்ளைன்னா சளி பிடிக்காதா?" என்பார்.

கட்கி ஃபாக்டரியில் வேலை முடிந்து திரும்பிய கணவன் இன்பநாதனிடம் டைரியை நீட்டினாள். அவன் படித்துவிட்டு மூடினான்.

"மிஸ் சொல்றதுல என்ன தப்பு? வீட்லயும் நாலு தடவை கூப்பிட்டாத்தானே திரும்புறா? போன வாரம் நீயே முதுகுல ரெண்டு வைக்கலையா?"

வைத்தது உண்மைதான்.

மறுநாள் காலை எல்சி காது வலிக்கிறதென்று அழுதாள். ஆரோக்கியமணி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே மகாதேவன் என்ற தமிழ் டாக்டர், காது பார்க்கும் வட்டக் கண்ணாடியை நெற்றியில் கட்டியிருந்தவர், இரண்டு காதையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து எல்சியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் கேட்டார்.

"எல்சி, சாக்லேட் வேணுமா?"

எல்சி காலை ஆட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஆரோக்கியமணியிடம் திரும்பினார்.

"எத்தனை மாசமா சளி?"

"போன குளிர்லேருந்தே விட்டு விட்டு வருது சார்."

"மூக்குக்குப் பின்னாடி சதை வீங்கியிருக்கும்மா. காதுக்குள்ள நீர் கட்டிக்கிட்டிருக்கு. தண்ணிக்குள்ள முங்கிக் கேக்குற மாதிரிதான் இவளுக்கு எல்லாமே கேக்கும். சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் யாரும் அந்தக் காதைத் தொடக் கூடாது."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டோடும் பையில் இருந்த டைரியோடும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு வாசலில் நின்று டக்ளஸ் மிஸ்ஸை வெளியே அழைத்தாள். பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாகச் சண்டை நடந்தது.

"என் வகுப்புல நாற்பத்தெட்டு பிள்ளைங்க. ஒவ்வொரு காதையும் நான் பார்த்துக்கிட்டிருக்க முடியுமா?"

"பார்க்க வேண்டாம் மிஸ். திருகாம இருந்தா போதும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும்தான் தெரியல. ஆனா திமிர்னு நீங்க எழுதிட்டீங்களே! அந்த வரியை அடிங்க. என் கண் முன்னாடி அடிங்க."

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். சீட்டைப் படித்தார். மிஸ்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். டக்ளஸ் மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த வரியை அடித்தாள். எல்சி முதல் பெஞ்சுக்கு மாறினாள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

நவம்பரில் மூக்குச் சதையை எடுத்தார்கள், காது நீரையும் வடித்தார்கள். எல்சிக்குக் காது தெளிந்தது. சமையலறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாலே "என்னம்மா?" என்று ஓடி வந்தாள். ஒவ்வொரு முறையும் ஆரோக்கியமணிக்கு தான் அடித்த அந்தச் சின்ன முதுகுதான் நினைவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது டக்ளஸ் மிஸ் சிரித்தபடி கையை நீட்டினாள். ஆரோக்கியமணி தன் கையை நீட்டவில்லை. மகளைப் பிடித்துக்கொண்டு விலகி நடந்தாள்.

"இன்னிக்காவது கோபத்தை விடக் கூடாதா?" என்றான் இன்பநாதன், பின்னாலேயே வந்து.

"அவங்க மேல மட்டும்னா எப்பவோ விட்டிருப்பேங்க" என்றாள் அவள்.