புல் சாகாத இடம்

நிரூபா கையுறையை மாட்டி முடிப்பதற்குள் கஜேந்திரனே குனிந்து, தண்ணீர் ஓடுகிற கானின் ஓரத்து மண்ணை அள்ளி அவளுடைய கண்ணாடிப் போத்தலில் போட்டுவிட்டான். பத்தொன்பது வருடமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிறவன் அவன். மலையில் அவன் என்ன பார்த்தான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மருந்து அடித்த இடத்தில் பத்து நாளில் புல் வைக்கோலாகிவிடும். ஆனால் வேலை முடிந்து மருந்துக் கேன்களைக் கழுவி ஊற்றுகிற இந்தக் கானோரத்தில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. முன்பு ஒருமுறை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சிவசாமியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்த நிரூபாவோ சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"மிஸ், இந்தக் கான் தண்ணி கீழ நாங்க குடியிருக்கிற லயத்துப் பீலிக்குத்தான் போவுது. அதத்தான் குடிக்கிறோம். கழுவுற எடத்த மாத்தச் சொல்லி மூணு தடவ எழுதிக் குடுத்திட்டோம். நீங்க எழுதினா தொரை கேப்பாருங்க."

"கட்டாயம் எழுதுறன் அண்ணா" என்றாள் அவள்.

நான்கு மாதம் கழித்து அவள் மறுபடி அவன் வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி. அவன் மனைவி லோஜினி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். இப்போதுதான் குடித்ததாகச் சொல்லி மறுத்துவிட்டு, பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டே நிரூபா பேசினாள்.

"அந்த மண்ணில ஒரு கிருமி இருக்கு அண்ணா. கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் ஊத்துற மருந்தையே தின்னு வாழப் பழகியிட்டுது. அதுதான் அங்க புல் சாகேல்லை."

கஜேந்திரனுக்குப் பெருமையாக இருந்தது. "எத்தன நாள்ல திங்குமுங்க?"

"பாதியைத் தின்னவே ரெண்டு மூண்டு கிழமை வேணும். அதுக்கிடையில மழை பெய்தால் மருந்து தண்ணியோட போயிடும்."

அது எப்போதாவது மழை பெய்கிற ஊரில்லை. வருடத்தில் பாதி நாள் மழைதான். அவள் அதையும் எழுதுவாள், எழுதினால் கழுவுகிற இடம் மாறும் என்று அவன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நம்பாதவர்களிடம் சண்டையும் போட்டான்.

ஆபிசில் கூட்டம் வைத்தார்கள். லயத்திலிருந்து நான்கு பேர் போனார்கள். கஜேந்திரனும் லோஜினியும் அவர்களில் இருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற தொரைக்குப் பக்கத்து நாற்காலியில் நிரூபா இருந்தாள். தொரை சிங்களத்தில் சொல்லச் சொல்ல சிவசாமி தமிழில் சொன்னார்.

"மருந்தத் திங்கிற கிருமி நம்ம மண்ணுலயே இருக்குதாம். அதனால பயப்பட ஒண்ணுமில்லியாம். அப்புறம், அந்த எடத்த மாத்தக் கூடாதாம். மருந்து விழலைன்னா கிருமி இல்லாமப் போயிருமாம். ஆராய்ச்சி முடியிற வரைக்கும், ரெண்டு வருசத்துக்கு, அங்கனதான் கழுவணும்." கொஞ்சம் நிறுத்தி, தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார். "எடத்தக் காட்டிக் குடுத்தது யாரு? நம்ம கஜேந்திரன்தானே!"

மற்ற மூன்று பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்றான்.

"மிஸ், மழை பெஞ்சா தண்ணியோட போயிரும்னு சொன்னீங்களே. அத எழுதலியா?"

"என்ர ஆராய்ச்சி மண்ணைப் பற்றினது அண்ணா. தண்ணியை நான் பரிசோதிக்கேல்லை."

"அங்கனயே கழுவணும்னு கேட்டது நீங்களா?"

நிரூபா கோப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "ரெண்டு வருசம் மட்டும்தான்" என்றாள். அண்ணா என்ற சொல் இந்த முறை வரவில்லை.

லயத்துக்கு இறங்குகிற படிக்கட்டில் மற்ற இரண்டு பேரும் அவனோடு பேசாமல் முன்னால் போய்விட்டார்கள். லோஜினிதான் பேசினாள்.

"அந்தப் புள்ள நம்ம வீட்டுத் தேத்தண்ணியத் தொடல. அன்னைக்கே எனக்கு என்னமோ மாதிரி இருந்திச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க."

அவளைத் திட்டவும் அவனால் முடியவில்லை. மண்ணைத் தன் கையாலேயே அள்ளிப் போட்டுக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

மறுநாள் கானோரத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். ஆராய்ச்சி இடம், மண்ணைக் கிளறக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வேலை முடிந்ததும் கூட மருந்து அடித்த மூன்று பேரும் வழக்கம்போல அங்கே கேன்களைக் கழுவ உட்கார்ந்தார்கள். கஜேந்திரன் கேனை முதுகிலிருந்து இறக்கவில்லை. பலகையைத் தாண்டி நடந்தான்.

"எங்க போற? இங்க கழுவுடா!" சிவசாமி கத்தினார்.

அவன் திரும்பிப் பார்க்காமல் மலை உச்சிவரை ஏறினான். அங்கே நின்று, மிச்ச மருந்தை எங்கே ஊற்றலாம் என்று பார்த்தான். கிழக்கே சரிந்த கான் பள்ளத்து லயத்துக்குப் போனது. மேற்கே இறங்கியது புது லயத்துக்கு. வடக்கே, தேயிலைக்குள் மறைந்து ஓடிய கானின் முடிவில், ஒரு கூரையிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. மழை தூறத் தொடங்கியது. அவன் மூடியைத் திறக்காமல் நின்றான். கேனுக்குள் அரைக் கேன் மருந்து அவன் மூச்சுக்குத் தகுந்தபடி அசைந்தது.