ஏழு திரைகளுக்கு ஒரு பெட்டி

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில், கட்டுப்பாட்டு அறையின் ஏழு கணினித் திரைகளையும் கட்டி மேய்த்த மையக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பங்குனிக் கடைசியில் ஓய்வு பெற்றது. அடுத்தது அமையும்வரை அந்த வேலையை ஆபரேட்டர் தணிகாசலமே பார்த்தார். ஏழு ஒயரையும் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சூளையின் வெப்பம் அவர் வழியாகத்தான் திரைக்குப் போனது. அவர் கண்ணயர்ந்தால் சூளை அணைந்துவிடும். ஐம்பத்தொன்பது நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை.

புதுப் பெட்டியைத் திரைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏழும் பச்சையானால் சம்மதம். அன்று காலை மூன்று பெட்டிகள் நேர்காணலுக்கு வந்தன. கேள்வி கேட்டது கொள்முதல் அதிகாரி ரோசலின்.

முதல் பெட்டி, கேட்குமுன்பே பதில் சொன்னது. மூன்றாம் திரை முகம் கறுத்துப்போனது. ரொம்பப் படித்த பெட்டி, இங்கே நிலைக்காது என்று ரோசலின் அனுப்பிவிட்டார்.

இரண்டாவது நல்ல மாதிரி. ஆனால் சிமெண்ட் தூசிக்குத் தும்மியது. ஒவ்வொரு தும்மலுக்கும் பேர், ஊரிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஆறு திரைகள் பச்சையாயின. நான்காவது மட்டும் அசையவில்லை.

தணிகாசலம் அதன் பக்கம் குனிந்தார். "ஏம்மா, நீயும் சரின்னு சொல்லிடேன். என்னால முடியல."

அது சூளையின் வெப்பம் 1450 என்று காட்டியது. சரி என்கிறதா, மாட்டேன் என்கிறதா, அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டது. ஏழு திரையும் பச்சையாயின.

"தூங்குறதைப் போயி எப்படிங்க மேடம்?"

"அது தூங்கினா சூளை அணையாது. நீங்க தூங்கினாத்தான் அணையும்."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஒயர்களை அவிழ்த்து, எழுப்பாமல் அதன்மேல் சுற்றிவிட்டார்.

அவருடைய ஐம்பத்தொன்பது நாள் தூக்கத்தை ஸ்டோரில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே இடமில்லாததால் மனைவி பாகீரதி வாசலிலேயே இறக்கச் சொன்னாள். குளித்து, சாப்பிட்டுவிட்டு ஒரு மூட்டையைப் பிரிக்கலாம் என்றிருந்தார். அவர் குளித்துக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது.

வெளியே வந்து பார்த்தால், அத்தனை தூக்கமும் கல்லாய் இறுகிக் கிடந்தது.

பாகீரதி கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கல்லை வைத்தே பின்பக்கம் தாராளமாக ஒரு அறை எடுக்கலாம் என்றார். சாயங்காலத்துக்குள் இடுப்புயரம் எழும்பிவிட்டது. கலவை எடுத்துக் கொடுத்த சித்தாள் சுவரில் லேசாகச் சாய்ந்தாள். அப்படியே குறட்டை விட்டாள்.

"ஏழு நாளைக்கு ராப்பகலாத் தண்ணி ஊத்தணும், அண்ணே," என்றார் கொத்தனார். "விட்டா, சுவர் முழிச்சுக்கும்."

தணிகாசலம் குடத்தை எடுத்தார்.