ஒரே தட்டு

சுதந்திர வெள்ளி விழாவுக்கு, வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கெல்லாம் செப்புப் பட்டயம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கீழ்பென்னாத்தூர் சேரியிலிருந்து காசி முதல் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். மலாயாவில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த மனிதர், நேதாஜி படையில் சேர்ந்து பர்மா வரைக்கும் துப்பாக்கி தூக்கியவர். ஊரில் யார் நம்பினார்கள்? “சேரிக்காரன் கையில எவன்டா துப்பாக்கி குடுத்தான்?” என்று சிரிப்பார்கள். செத்துப் போவதற்குள் அந்தச் சிரிப்பை அடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் காசியின் ஆசை.

கூட இருந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கென்ன, முருகையன் இருக்கிறாரே! ஒரே படைப்பிரிவு. இப்போது தேரடித் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், பட்டயமும் வாங்கிவிட்டார்.

ஆபீசில் முருகையன் நன்றாகத்தான் ஆரம்பித்தார். “ஆமாங்க, எங்க கூடத்தான் இருந்தாப்ல.” முருகையன் மகளை மருமகளாக்கிக்கொள்ளப்போகிற சுப்பிரமணியும் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி காசியிடம் திரும்பினார். “இவரோட எவ்வளவு பழக்கம்?”

நுணலும் தன் வாயால் கெடும். குண்டு பாய்ந்ததைச் சொல்லியிருக்கலாம், ஜெயிலில் கிடந்ததைச் சொல்லியிருக்கலாம். காசியோ அதையெல்லாம்விடப் பெரிய அத்தாட்சி என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: “என்னாங்க அப்டி கேட்டுட்டீங்க? நான் ஆக்கிப் போட்ட சோத்துலதாங்க கை நனைப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு.”

சுப்பிரமணி மெதுவாகத் திரும்பி முருகையனைப் பார்த்தார்.

முருகையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மூஞ்சி ஜாடையில ஏமாந்துட்டேங்க. அந்த ஆளு வேற. இவர எனக்குத் தெரியாது.”

வெள்ளைக்காரனிடம் கைதியாக நின்றபோதுகூடக் காசி இப்படிக் கூனிக் குறுகியதில்லை. எழுந்து வெளியே வந்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது முருகையன் பின்னாலேயே ஓடி வந்தார். “அண்ணே,” என்றார் ரகசியமாக, பர்மாவில் கூப்பிட்ட மாதிரியே. “சோத்துப் பேச்ச ஏன்ணே எடுத்தீங்க? பொண்ணு கல்யாணம் முடியட்டும், நானே வந்து சாட்சி சொல்றேன்.”

“இப்ப என்னிய என்னான்னு கூப்ட்ட?”

“அண்ணேன்னு.”

“உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தபா கூப்டு. பட்டயமே வேணாம், போயிடறேன்.”

முருகையன் கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே சுப்பிரமணி இருமினார்.

“பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு பாருங்க,” என்றார் முருகையன், இன்னும் கம்மியான குரலில்.