எரியாத ஆசிட்

வெளிச்சம் பரவுமுன்பே பதினோரு கார்கள் கழுவியாயிற்று. பெரியண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர், பன்னிரண்டாவது காரின் வயிற்றில் ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீர்த் துப்பாக்கியால் பிய்த்தெறிந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை ஈரம். காலடியில் அழுக்கு நுரை, யாரோ வாந்தியெடுத்தது போலக் கொழகொழவென்று நகர்ந்து சாக்கடையில் விழுந்தது. அது போய்ச் சேரும் வாய்க்கால் கரையில்தான் தொழிலாளிகளின் வீடுகள். அங்கே தவளைச் சத்தம் நின்று வெகுநாளாயிற்று. போன வாரம் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. நாய்கூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆசிட் கலந்த தண்ணீரால் சக்கரம் தேய்க்கும் அவர் தங்கையை இன்னும் காணோம். ஒரு நாளும் பிந்தாதவள்.

அவள் புருஷன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மச்சான், அவளை ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். நேத்து சாயங்காலம் ஒண்ணுமில்லேன்னா. இப்ப விரலை வெட்டிப் போடுங்கன்னு கத்துறா. நகத்தைச் சுத்தி சாம்பலாப் போச்சு. என்ன ஆசிட்டுன்னு டாக்டர் கேக்குறாரு. சிலது பட்டதும் எரியாதாம், மெல்ல உள்ள இறங்கிடுமாம், அதுக்குத் தனி மருந்தாம். நேரம் போனா எலும்பையே தின்னுடுமாம்!"

பெரியண்ணன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஆசிட் கேனைத் திருப்பிப் பார்த்தார். பேர் யாருக்குத் தெரியும்? கேன் வந்ததும் லேபிளைச் சுரண்டிவிட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. அதனால் வாளியில் எத்தனை மூடி ஊற்றுவது என்பதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். விரல் நுனியால் தொட்டுப் பார். எரியாவிட்டால் இன்னொரு மூடி. பழைய ஆசிட்டுக்கு அது சரியாக வந்தது. போன மாதம் வந்த புதுசு தொட்டால் எரியவே இல்லை. சாதுவான சரக்கு என்று மேலும் மேலும் ஊற்றச் சொன்னவர் அவர்தான். "கையுறை வழுக்குது, கழட்டிடும்மா" என்று தங்கையிடம் சொன்னவரும் அவர்தான். அவர் கையில் பட்டதைத் துப்பாக்கித் தண்ணீர் உடனுக்குடன் கழுவிவிட்டது. அவள் கையைக் கழுவ யார் இருந்தார்கள்?

முதலாளி அறையின் ஜன்னல் எப்போதும்போல் இறுக மூடியிருந்தது. பெரியண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அந்த ஆசிட்டுக்குப் பேரு என்ன சார்?"

"பேரு வச்சு என்ன, தொட்டில்லயா போடப்போற?"

"டாக்டர் கேக்குறாரு. என் தங்கச்சி விரலு போயிடும்."

முதலாளி இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளில் நாலு வரி எழுதி நகர்த்தினார். "வீட்டுல கக்கூஸ் கழுவுறப்ப அவ அஜாக்கிரதையால பட்டதுன்னு எழுதியிருக்கேன். அண்ணன்காரன் நீ கையெழுத்துப் போடு. பேரு சொல்றேன்."

"பத்து வருசத்துல ஒரு காருல கீறல் விட்டவ இல்ல சார் அவ. அஜாக்கிரதைன்னு எங்க குடும்பத்துல யாரையும் யாரும் சொன்னதில்ல."

"உனக்குக் குடும்ப மானம் முக்கியமா, அவ விரலு முக்கியமா?"

பெரியண்ணன் பேனாவை எடுத்தார். அவள் விரலுக்காக மானத்தைத் தூக்கிக் கொடுக்கவும் அவர் தயார்தான். ஆனால் பொய்க்குக் கையெழுத்துக் கேட்கிறவன் சொல்லும் பேர் மட்டும் மெய்யாக இருக்குமா? பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து மோட்டாரை நிறுத்தினார்.

திடீர் அமைதியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பு என்னோடது," என்றார். எவரிடமும் அவர் சொல்லியறியாத சொல். "தொட்டுப் பாத்து ஊத்துங்கன்னு உங்களுக்குச் சொன்னது நான். கையுறையைக் கழட்டச் சொன்னது நான். என்னைத் திட்டுறதைப் பிறகு திட்டுங்க. இப்ப அந்தக் கேன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். லேபிள் இல்லாட்டியும் உள்ள இருக்கறதைச் சோதிச்சு அவங்க கண்டுபிடிச்சுக்குவாங்க."

நுரையடிப்பவன், பேரே 'நுரை' என்றாகிவிட்டவன், தன் கையை நீட்டினான். "எனக்கும் நாலு நாளா நகத்துக்குள்ள குடையுது. பாத்திரம் கழுவ டிமிக்கி குடுக்கிறேன்னு பொண்டாட்டி சொல்றா." யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே தன் விரல்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முதலாளி கார் சக்கரத்துக்கு மட்டும் ஏன் வெறும் சோப்புன்னு இப்பத்தான் புரியுது," என்றான் நுரை.

மூலையில் கிடந்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, மூடியை இறுக்கி, சைக்கிள் தாங்காத அந்தக் கனமான கேனைக் கயிற்றில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டார்கள்.

முதலாளி வாசலை மறித்தார். "கேன் வெளிய போச்சு, எல்லார் மேலயும் திருட்டுக் கேஸு!"

கண்ணாடி துடைக்கும் அக்கா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "போடுங்க சார். என்ன திருடுனோம்னு கேஸுல எழுதணும்ல? அந்தப் பேரை இப்பவே சொல்லுங்க. கேனை இங்கயே இறக்கிடுறோம்."

முதலாளி இரு கைகளையும் அகல விரித்தார். பேர் வரவில்லை.

அவரைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியை நோக்கி அவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த விரல்கள் பிழைக்குமா, நாளைக்கு இவர்களில் யாருக்கு வேலை இருக்கும், எவருக்கும் தெரியாது. பின்னால் கார்கள் பாதி நுரையோடு காய்ந்துகொண்டிருந்தன. கம்பின் முன்முனை பெரியண்ணன் தோளில், பின்முனை நுரையின் தோளில். வாய்க்கால் பாலத்தில் பெரியண்ணனுக்கு மூச்சு வாங்கியது. தோள் மாற்ற, கேட்காமலே நாலு பேர் வந்தார்கள்.