காமில் பேசிய கேசட்

செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைப்பதில் கவுஸுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. பெரம்பலூரில் அவன் கடைக்கு வருவதெல்லாம் சென்னையில் யாரோ கழித்துக்கட்டிய பெட்டிகள். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை உள்ளே தள்ளுவான். அதே பெட்டி ஓடும். இதையே சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

2004 நவம்பரில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து அம்மார் ஒரு பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அவன் அக்கா மர்ஜியாவுடையது. அவள் புருஷன் காமில் கவுஸின் சேக்காளி. இரண்டு மாதத்துக்கு முன், வேலை பார்த்த தம்மாமில் மாரடைப்பில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான்.

"வைரஸ் புடிச்சுக் கெடக்குண்ணே. ஆன் ஆவவே மாட்டேங்குது. அக்கா இத்தாவுல இருக்கு. முடியறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

சிடி சுழன்றது. டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று லினக்ஸ் கேட்டது. கவுஸின் கை நின்றது. உள்ளே காமிலின் குரல் இருப்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கோடையில் காமில் அங்கிருந்து பேசி அனுப்பிய கேசட்டை, டேப்ரிக்கார்டரில் வயர் மாட்டி இந்தப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்ததே அவன்தான். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். ஆனால் புருஷன் போனபின் இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்காமல் துக்கத்தில் இருப்பவளிடம், டிஸ்க்கு அது இதுவென்று ஆள்விட்டுக் கேட்பதா? கூச்சமாக இருந்தது. கேசட்தான் வீட்டில் இருக்குமே என்று நினைத்து என்டரைத் தட்டிவிட்டான்.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினான். மர்ஜியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஒரு நிமிஷத்தில் திரை வந்துவிட்டது.

"முன்ன எவ்ளோ நேரமாவும்," என்றாள். "அவங்க பேசுனதப் போடுங்கண்ணே. மௌத்தானதுலேருந்து ஒரு தடவகூட கேக்கல."

கவுஸ் அறையில் டேப்ரிக்கார்டரைத் தேடினான். "கேசட் இருக்கும்லம்மா? அதுலேருந்து திரும்ப ஏத்திடறேன்."

அவள் உள்ளே போய் கேசட்டை எடுத்து வந்தாள். காமிலின் சாமான்களோடு தம்மாமிலிருந்து வந்தது. கவுஸ் டேப்பில் போட்டு அமுக்கினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மர்ஜியா பேசுறேன். நல்லா இருக்கீங்களா? நோம்புக்காச்சும் வந்துருவீங்களா?"

"அவங்க பேசுனதுமேலயே நான் பேசித்தானேண்ணே திருப்பி அனுப்புவோம்," என்றாள் மர்ஜியா. "அதனாலதான உங்கள கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னேன்."

ஊரில் எல்லோரும் அப்படித்தான். கவுஸின் அத்தா குவைத்தில் இருந்தபோது அவன் அம்மாவும் ஒரே கேசட்டில்தான் வருஷக்கணக்காகப் பேசினாள். தெரிந்த விஷயம் என்டரைத் தட்டிய நேரத்தில் மட்டும் புத்திக்கு எட்டாமல் போயிற்று. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"கம்ப்யூட்டர்ல இப்ப இல்லம்மா," என்றான். "நாந்தான் அழிச்சுட்டேன்."

டேப்பில் அவள் குரல் மழை பெய்ததைச் சொன்னது, பிள்ளைக்குப் பல் விழுந்ததைச் சொன்னது. கேட்கத் தாங்காமல் கவுஸ் நிறுத்தப் போனான்.

"நிறுத்தாதீங்கண்ணே," என்றாள் மர்ஜியா. "அவங்க காதால கேட்டதாச்சும் இருக்கட்டும்."